கையளவுக் கல்லும் கடலடி நிலநடுக்கமும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நமக்கு நிலநடுக்கம் என்பது பெரும்பாலும் அண்டை வீட்டுச் செய்தி. சுமத்ராவில் நிலம் அதிர்ந்தால் இங்கே அடுக்குமாடி வீடுகளில் தொங்கும் விளக்கு ஆடும். சிலர் படியிறங்கி வந்து வாகன நிறுத்துமிடத்தில் கூடி நிற்பார்கள். அரைமணி நேரத்தில் எல்லாரும் வீடு திரும்பிவிடுவார்கள்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் அந்தச் செய்தி நம் வாசலுக்கே வந்தது. சுமத்ராவின் வடமேற்கில் தொடங்கி அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடி நிலம் நழுவியது. அதில் எழுந்த ஆழிப்பேரலை பினாங்கிலும் கெடாவிலும் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. நாகப்பட்டினம், மட்டக்களப்பு, முல்லைத்தீவு என்று நம் உறவினர்கள் வாழும் கரைகளையும் அது விட்டுவைக்கவில்லை. மொத்தத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின. பிறகு 2015 ஜூன் 5-இல் சபாவின் ரனாவ் வட்டாரத்தில் நிலம் நடுங்கியபோது கினபாலு மலையில் 18 பேர் உயிரிழந்தனர். அவர்களில் சிங்கப்பூர்ப் பள்ளி மாணவர்களும் இருந்தனர்.

இத்தகைய பேரிடர் நிகழும்போதெல்லாம் நாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அடுத்தது எப்போது? எங்கே? எவ்வளவு பெரியதாய்?

நான் இயந்திரப் பொறியியல் பயின்றவன். உராய்வு என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருபவை வாகனத்தின் பிரேக்கும் எண்ணெய் வற்றிய பேரிங்கும்தான். உராய்வு பற்றிய நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான், நிலநடுக்கத்தை ஆராய்பவர்களும் எங்களைப் போலவே உராய்வைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். நாங்கள் இரும்பை உரசுகிறோம். அவர்கள் கல்லை உரசுகிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் கல் துண்டுகளை இயந்திரத்தில் இறுக்கிப் பிடித்து, ஒன்றின்மீது ஒன்றை நழுவவிட்டு, அதில் கிடைக்கும் எண்களைக் கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள நிலப்பிளவு எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முயல்கிறார்கள்.

இது நடக்கிற காரியமா? கையளவுக் கல் சொல்வதைக் கடலடி நிலம் கேட்குமா? இந்த ஐயம் எனக்கு எழுந்தது, உங்களுக்கும் எழலாம். விடை தேடிப் படித்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தவறு அல்ல, பிளவு

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பாறையில் ஒரு முறிவு ஏற்பட்டு, அதன் இருபுறமும் உள்ள பகுதிகள் ஒன்றை ஒன்று உரசி இடம்பெயர்ந்தால் அந்த முறிவை ஆங்கிலத்தில் ‘ஃபால்ட்’ என்பார்கள். அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்த்தால் அது ‘தவறு’ ஆகிவிடும்! இக்கட்டுரையில் அதை நிலப்பிளவு என்று குறிப்பிடுகிறேன்.

உராய்வுக் குணகம் என்ற சொல்லும் அடிக்கடி வரும். 10 கிலோ எடையுள்ள பெட்டியைத் தரையில் நகர்த்த 6 கிலோ எடைக்குச் சமமான விசை தேவைப்பட்டால் உராய்வுக் குணகம் 0.6. எண் குறையக் குறைய வழுக்கல் அதிகம் என்று பொருள். இது நாம் படிவம் நான்கிலேயே பார்த்த கணக்குதான்.

ஒட்டும், நழுவும்

1906-இல் சான் பிரான்சிஸ்கோ நகரைச் சிதைத்த நிலநடுக்கத்துக்குப் பின் ஹாரி ரீட் என்ற அமெரிக்க அறிஞர் நில அளவைகளை ஒப்பிட்டுப் பார்த்தார். நிலப்பிளவின் இருபுறமும் உள்ள நிலம் பல்லாண்டுகளாக மெல்ல வளைந்து வந்திருந்தது. நிலநடுக்கத்தின்போது அந்த வளைவு சட்டென்று நிமிர்ந்தது. வளைத்துப் பிடித்த மூங்கிலைக் கைவிட்டால் எப்படி விசிறி நிமிருமோ அப்படி. இக்கருத்தை அவர் 1910-இல் வெளியிட்டார். ஆனால் வளைந்த நிலத்தை அத்தனை ஆண்டுகள் பிடித்து வைத்திருந்தது எது? திடீரென்று கைவிட்டது ஏன்?

1966-இல் அமெரிக்காவின் வில்லியம் பிரேஸ், ஜேம்ஸ் பயர்லி ஆகிய இருவரும் விடையின் ஒரு பகுதியைச் சொன்னார்கள். அழுத்தத்தில் வைத்த கருங்கல்லை இவர்கள் நழுவச் செய்தபோது அது சீராக நழுவவில்லை. ஒட்டி நின்றது, பிறகு வெடுக்கென்று நழுவியது, மீண்டும் ஒட்டியது. வீட்டில் கனமான அலமாரியை நகர்த்தும்போது இதை நாம் உணர்ந்திருப்போம். தள்ளத் தள்ள அசையாது; திடீரென்று ஒரு முழம் நகர்ந்து நம்மையும் இழுத்துக்கொண்டு போகும். கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டி கிறீச்சிடுவதும் இதே ஒட்டல்-நழுவல்தான். நிலநடுக்கமும் இத்தகைய ஒட்டல்-நழுவலே என்று பிரேசும் பயர்லியும் எழுதினார்கள். அந்த நாள் முதல் கல்லை உரசும் ஆய்வு நிலநடுக்க இயலின் ஒரு கிளையாகிவிட்டது.

கல் சொன்ன மூன்று செய்திகள்

அடுத்த இருபது ஆண்டுகளில் ஆய்வுக்கூடங்கள் மூன்று முக்கியமான செய்திகளைத் தந்தன.

முதலாவது, பெரும்பாலான பாறைகளின் உராய்வுக் குணகம் ஏறத்தாழ ஒன்றே. கருங்கல், சுண்ணாம்புக்கல், மணற்கல் என்று எதை எடுத்தாலும் 0.6 முதல் 0.85 வரைதான் என்று பயர்லி 1978-இல் தொகுத்துக் காட்டினார். சில களிமண் கனிமங்கள் மட்டும் இதற்கு விலக்கு. இந்த விலக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது, சும்மா கிடக்கும் கல் வலுவடைகிறது. தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பரப்புகளை அசைக்காமல் விட்டால், நேரம் ஆக ஆக அவை இன்னும் இறுகப் பற்றிக்கொள்கின்றன. ஜேம்ஸ் டீடெரிக் 1970-களில் இதை அளந்தார். காத்திருக்கும் நேரம் பத்து மடங்கானால் பிடிப்பு ஒரு சிறு அளவு கூடும். நூறு மடங்கானால் அதைப் போல் இரு மடங்கு கூடும்.

மூன்றாவது, உராய்வு வேகத்தைப் பொறுத்தது. வேகம் கூடும்போது சில பாறைகளில் பிடிப்பு தளரும், சிலவற்றில் இறுகும். தளரும் பாறை நழுவத் தொடங்கினால் மேலும் வேகமெடுக்கும். அங்கே நிலநடுக்கம் பிறக்கலாம். இறுகும் பாறை தானே பிரேக் போட்டுக்கொள்ளும். அது ஓசையின்றி ஊர்ந்து நகரும். டீடெரிக் 1979-இலும் ஆண்டி ருயினா 1983-இலும் இவற்றைச் சமன்பாடுகளாக எழுதினர். இன்றும் நிலநடுக்கக் கணினிப் படிமங்களில் பெரும்பாலானவை இச்சமன்பாடுகளின் மேல்தான் நிற்கின்றன.

நிலம் இதை ஒப்புக்கொண்டதா?

ஆம், சில இடங்களில் வியக்கத்தக்க அளவுக்கு ஒப்புக்கொண்டது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ரேஞ்ச்லி என்ற எண்ணெய் வயல் உண்டு. எண்ணெயை வெளித்தள்ள அங்கே நிலத்துக்குள் நீரைச் செலுத்தினார்கள். சிறு சிறு நிலநடுக்கங்கள் ஏற்பட்டன. நீரின் அழுத்தம் நிலப்பிளவின் இரு பரப்புகளையும் உள்ளிருந்து விலக்கிப் பிடிப்பைத் தளர்த்துகிறது. அந்த வயலிலிருந்து எடுத்த மணற்கல்லை ஆய்வுக்கூடத்தில் உரசி, எவ்வளவு நீரழுத்தத்தில் நிலம் நழுவத் தொடங்கும் என்று கணக்கிட்டார்கள். ஏறத்தாழ 260 பார் என்று விடை வந்தது. பிறகு 1969 முதல் 1973 வரை நீரழுத்தத்தை வேண்டுமென்றே ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்கள். அந்த அளவைத் தாண்டியபோது நிலநடுக்கங்கள் பெருகின, இறக்கியபோது அடங்கின. கையளவுக் கல் சொன்ன எண்ணை ஒரு வயல் முழுவதும் கேட்டு நடந்தது.

இன்னொரு சான்று கலிபோர்னியாவின் கலாவெராஸ் நிலப்பிளவிலிருந்து கிடைத்தது. அங்கே ஒரே இடத்தில், ஒரே அளவில், மீண்டும் மீண்டும் சிறு நிலநடுக்கங்கள் நிகழ்வதுண்டு. இரண்டு நடுக்கங்களுக்கு இடையே நீண்ட ஓய்வு கிடைத்தால் அடுத்த நடுக்கம் சற்று வலுவாக இருக்கிறது என்று 1994-இல் ஓர் ஆய்வு காட்டியது. சும்மா கிடக்கும் கல் வலுவடையும் என்ற இரண்டாம் செய்தியை நிலமே உறுதி செய்தது.

வெப்பம் எங்கே போயிற்று?

இத்துடன் கதை முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கே தேவையிருந்திருக்காது. ஒரு முக்கியமான இடத்தில் கணக்கு இடித்தது.

குளிரில் உள்ளங்கைகளைத் தேய்த்தால் சூடாகிறது அல்லவா? நிலப்பிளவிலும் அப்படித்தான். கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு பல லட்சம் ஆண்டுகளாக உரசிக்கொண்டிருக்கிறது. அதன் உராய்வுக் குணகம் பயர்லி சொன்னபடி 0.6 என்றால், அந்தப் பிளவையொட்டிய நிலம் இருபுறமும் உள்ள நிலத்தைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தாக வேண்டும். 1960-களின் இறுதியிலிருந்து ஆய்வாளர்கள் ஆழ்துளைகளில் வெப்பமானியை இறக்கிப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட சூடே இல்லை! கணக்கிட்ட எதிர்ப்பு விசையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்க முடியாது என்றுதான் அளவீடுகள் சொல்லின. ஆய்வுக்கூடத்தில் முரட்டுத்தனமாகப் பற்றும் கல், நிலத்துக்குள் மட்டும் ஏன் வழுக்குகிறது? இந்தப் புதிர் பல பத்தாண்டுகள் அறிஞர்களைத் தூங்கவிடவில்லை.

விடை காண ஒரே வழி நேரில் சென்று பார்ப்பதுதான். பார்க்ஃபீல்டு என்ற சிற்றூருக்கு அருகில் 2004-இல் துளையிடத் தொடங்கி, ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழத்தில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவையே ஊடுருவி, 2007-இல் அதன் துண்டுகளை மேலே கொண்டுவந்தார்கள். பிளவு ஊர்ந்துகொண்டிருந்த பகுதியில் இருந்தது கருங்கல் அல்ல. சப்போனைட் என்ற வழவழப்பான களிமண் கனிமம். ஆய்வுக்கூடத்தில் உரசியபோது அதன் உராய்வுக் குணகம் 0.15 அளவிலேயே இருந்தது. பயர்லியின் விலக்கை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இதுதான். ஆய்வுக்கூடம் பொய் சொல்லவில்லை. முன்பு அதனிடம் கொடுத்த கல்தான் வேறு.

ஆனால் களிமண் இல்லாத பிளவுகளும் உலகில் ஏராளம். அவையும் பெரும் நிலநடுக்கத்தின்போது எதிர்பார்த்த அளவுக்குச் சூடாவதில்லை. இதற்கு விளக்கம் தேடியவர்கள் வேகத்தின் பக்கம் திரும்பினார்கள்.

திரிகை சொன்ன பாடம்

நம் பாட்டிமார் வீட்டில் திரிகை இருந்திருக்கும். அடிக்கல் அசையாமல் இருக்க, மேற்கல் அதன்மீது சுழலும். இடையில் சிக்கிய தானியம் மாவாகும். நிலநடுக்க ஆய்வில் பெரிய திருப்பத்தை உண்டாக்கிய இயந்திரமும் ஏறக்குறைய திரிகைதான்.

அதற்கு முன்பிருந்த இயந்திரங்களில் கற்கள் நொடிக்கு மைக்ரோமீட்டர் கணக்கில்தான் நகர்ந்தன. உண்மையான நிலநடுக்கத்தில் நிலம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் நழுவுகிறது. அதாவது பத்து லட்சம் மடங்கு வேறுபாடு! கல்லை நேர்கோட்டில் அந்த வேகத்தில் தள்ளினால் கண்மூடித் திறப்பதற்குள் இயந்திரத்தின் விளிம்பு வந்துவிடும். ஆனால் வட்டமாகச் சுழற்றினால் எத்தனை மீட்டர் வேண்டுமானாலும் நழுவவிடலாம். ஜப்பானின் ஷிமாமோட்டோவும் சுட்சுமியும் 1990-களில் இத்தகைய இயந்திரத்தை உருவாக்கினர். பின்னர் இத்தாலி, சீனா முதலிய நாடுகளிலும் இவை வந்தன.

வேகம் கூடினால் என்ன ஆகும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 கிலோமீட்டர் ஆழத்தில், மேலிருக்கும் பாறையின் பளுவிலிருந்து நீரழுத்தத்தைக் கழித்து, மீதியை 0.6-ஆல் பெருக்கினால் எதிர்ப்பு ஏறத்தாழ 100 மெகாபாஸ்கல் வரும். நிலம் ஒரு மீட்டர் நழுவினால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 10 கோடி ஜூல் வெப்பம் பிறக்கும். நம் மின்கட்டண ரசீதின் கணக்கில் சுமார் 28 யூனிட். அதுவும் ஒரே நொடியில்! கல்லுக்குள் வெப்பம் பரவுவது மிக மெதுவாக. ஒரு நொடியில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் போகும். தாராளமாக ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள பாறை இந்த வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் அதன் வெப்பநிலை 3,500 டிகிரிக்கும் மேல் ஏற வேண்டும். கருங்கல் அதற்கு வெகுமுன்பே உருகிவிடும்.

அப்படியானால் ஏதோ ஒன்று நடுவில் குறுக்கிட்டு உராய்வைக் குறைத்தாக வேண்டும். சுழல் இயந்திரம் அதைக் கண்முன் காட்டியது. வேகம் நொடிக்கு ஒரு மீட்டரை நெருங்கும்போது, கருங்கல்லானாலும் பளிங்கானாலும், உராய்வுக் குணகம் 0.6-இலிருந்து பல வேளைகளில் 0.1, 0.2 என்ற அளவுக்குச் சரிந்தது. டி டோரோவும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் ஏறத்தாழ 300 சோதனைகளைத் தொகுத்து, இது பலவகைப் பாறைகளுக்கும் பொதுவான இயல்பு என்று காட்டினார்கள். காரணங்கள் பல. பரப்புகள் தொட்டுக்கொள்ளும் நுண்ணிய முனைகள் நொடிப்பொழுதில் சூடேறி இளகுகின்றன. இடுக்கிலுள்ள நீர் சூடாகி விரிந்து இரு பரப்புகளையும் விலக்குகிறது. சில பாறைகள் உருகி, அந்தக் குழம்பே எண்ணெயாகிவிடுகிறது. உருகி உறைந்த கண்ணாடி போன்ற கரும்பாறைக் கீற்றுகளைப் பழைய நிலப்பிளவுகளில் புவியியலாளர்கள் ஏற்கெனவே கண்டிருந்தார்கள்.

ஆக, நிலப்பிளவு நிற்கும்போது வலுவானது, ஓடும்போது வழுக்குவது. சூடு காணாமற்போன புதிருக்கு இது ஒரு விடை. ஆனால் இது இயந்திரம் சொன்ன விடை. உண்மையான நிலநடுக்கத்தில் இப்படித்தான் நடக்கிறது என்பதற்குச் சான்று வேண்டாமா?

ஏழு கிலோமீட்டர் கடலுக்கடியில் ஒரு வெப்பமானி

2011 மார்ச் 11-இல் ஜப்பானின் தோஹொக்கு கரைக்கு அப்பால் ஏற்பட்ட 9.1 அளவு நிலநடுக்கம் அந்தச் சான்றைத் தேடும் வாய்ப்பைத் தந்தது. அதற்கு முன் அறிஞர்கள் நம்பியது வேறு. கடல் அகழியை ஒட்டிய ஆழமற்ற பகுதி முழுவதும் ஈரக் களிமண். மெதுவான சோதனைகளில் அத்தகைய களிமண் வேகம் கூடினால் இறுகும் வகை. எனவே அங்கே நழுவல் அடங்கிவிடும் என்று கருதப்பட்டது. நடந்ததோ நேர்மாறு. அகழியை நெருங்க நெருங்க நழுவல் கூடி ஏறத்தாழ 50 மீட்டரை எட்டியது. அங்கே தட்டுகள் ஆண்டுக்கு 8 சென்டிமீட்டர் அளவில் நெருங்குகின்றன. அப்படியானால் இது அறுநூறு ஆண்டுகளின் நகர்வு. கடலடி தூக்கி எறியப்பட்டு எழுந்த பேரலையில் 18,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர்.

உரசல் சூடு ஆறிப்போவதற்குள் அதை அளக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் விரைந்தார்கள். 2012-இல் ‘சிக்யூ’ என்ற ஜப்பானியத் துளையிடும் கப்பல் ஏறத்தாழ 6,900 மீட்டர் ஆழக் கடலில் நின்று, கடலடிக்குக் கீழே 820 மீட்டரில் இருந்த பிளவைத் துளைத்தது. பிளவுப் பகுதியின் தடிப்பு 5 மீட்டருக்கும் குறைவு. துளைக்குள் 55 வெப்ப உணர்கருவிகளைக் கோத்து இறக்கினார்கள். சுமார் ஒன்பது மாதங்கள் கழித்து 2013 ஏப்ரலில் மீட்டெடுத்தார்கள்.

பிளவிருந்த இடத்தில் சுற்றுப்புறத்தைவிட 0.31 டிகிரி கூடுதல் வெப்பம் பதிவாகியிருந்தது. அவ்வளவுதான். ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு! அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், நழுவியபோது உராய்வுக் குணகம் வெறும் 0.08. அதே பிளவிலிருந்து எடுத்த களிமண்ணைச் சுழல் இயந்திரத்தில் நிலநடுக்க வேகத்தில் உரசிப் பார்த்தார்கள். அங்கும் உராய்வு அதைப் போலவே மிகக் குறைவாக இருந்தது.

எனக்கு இந்தத் துறையில் ஆகப் பெரிய வியப்பைத் தந்தது இந்த ஒப்பீடுதான். கடலடியில் வெப்பமானியும் ஆய்வுக்கூடத்தில் திரிகையும் தனித்தனியே அளந்தும் ஒரே கதையைச் சொல்லின. கூடவே, மெதுவான சோதனையை மட்டும் வைத்து ‘இந்தப் பகுதி நழுவாது’ என்று முடிவு கட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பதும் விளங்கியது. மெதுவாகத் தள்ளினால் இறுகும் களிமண்ணும், ஆழத்திலிருந்து வேகமாக வரும் நழுவல் மோதினால் வழுக்கிவிடும்.

அளவு என்னும் சிக்கல்

இவ்வளவு இருந்தும் ஒப்பீடு முழுமை பெறவில்லை. காரணம், அளவு. ஜப்பானின் சுக்குபா நகரில் கட்டடங்களை ஆட்டிச் சோதிக்கும் பெரிய மேடை ஒன்று உண்டு. அதன்மேல் மீட்டர் நீளப் பாறைகளை வைத்து உரசிய முடிவுகள் 2015-இல் வெளியாயின. சென்டிமீட்டர் அளவுக் கல்லைவிடப் பெரிய கல் வெகு எளிதாக வழுக்கத் தொடங்கியது. பெரிய பரப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தொடுவதில்லை. சில இடங்களில் மட்டும் பளு குவிகிறது. அங்கே தூள் உண்டாகிச் சூடேறி, முழுப் பரப்பின் பிடிப்பும் தளர்கிறது. ஒரு மீட்டருக்கே இப்படியென்றால் ஆயிரம் கிலோமீட்டருக்கு?

இன்னோர் எண்ணையும் பாருங்கள். ஆய்வுக்கூடத்து மெதுவான சோதனைகளில் பிடிப்பு தளர்வதற்குக் கல் சில மைக்ரோமீட்டர் முதல் நூறு மைக்ரோமீட்டர் வரை நழுவினால் போதும். பெரும் நிலநடுக்கங்களின் அலைப்பதிவுகளிலிருந்து கணக்கிட்டாலோ அந்தத் தொலைவு பத்து சென்டிமீட்டர், ஒரு மீட்டர் என்று வருகிறது. அறுத்துத் தேய்த்த கல்லின் பரப்பு மழமழப்பானது. நிலப்பிளவோ மேடும் பள்ளமும் வளைவும் கிளையுமாகக் கிடப்பது.

‘எப்போது?’ என்ற கேள்வி தடுமாறுவதும் இங்கேதான். ஆய்வுக்கூடத்தில் கல் பெரிதாக நழுவுமுன் சிறு முனகல்களை எழுப்புகிறது. 2017-இல் அந்த ஓசைகளைக் கணினிக்குக் கற்பித்து, அடுத்த நழுவலுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று நன்றாகவே கணிக்க முடிந்தது. ஆனால் பார்க்ஃபீல்டின் அனுபவத்தைக் கேளுங்கள். அங்கே 1857, 1881, 1901, 1922, 1934, 1966 ஆகிய ஆண்டுகளில் 6 அளவில் நிலநடுக்கங்கள் ஏற்பட்டன. சராசரி இடைவெளி 22 ஆண்டுகள். அடுத்தது 1993-க்குள் வரும் என்று 1985-இல் முன்னறிவித்து, வட்டாரம் முழுவதும் கருவிகளைப் பொருத்திக் காத்திருந்தார்கள். அது வந்ததோ 2004 செப்டம்பர் 28-இல். அத்தனை கருவிகள் சூழ்ந்திருந்தும் தெளிவான முன்னறிகுறி எதுவும் பதிவாகவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு கல், ஒரு பிளவு, ஒரே சீரான தள்ளல். நிலத்திலோ ஒவ்வொரு பிளவையும் பக்கத்துப் பிளவுகள் தள்ளிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் இருக்கின்றன.

நம் கடலுக்கு என்ன செய்தி?

இப்போது நம் வட்டாரத்துக்குத் திரும்புவோம். 2016-இல் ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு சுமத்ராவின் வடக்கே கடலடியில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் துளையிட்டு, 2004-இல் நழுவிய பிளவுக்குள் நுழையவிருக்கும் வண்டல் அடுக்குகளை ஆராய்ந்தது. வழக்கமாக இத்தகைய வண்டலின் கனிமங்கள் தமக்குள் பிடித்துவைத்திருக்கும் நீரைப் பிளவுக்குள் நுழைந்த பின்னரே விடுகின்றன. சுமத்ராவில் வண்டல் மிகத் தடிப்பாக இருப்பதால் அது அகழியை அடையுமுன்பே அடியில் சூடேறி நீரை விட்டுவிடுகிறது. இறுகிய வண்டல் வலுவாகப் பற்றி நிற்கும். ஆகவே நழுவல் ஆழமற்ற பகுதி வரை எட்டுவதற்கு வாய்ப்பு கூடும். 2004-இன் பேரலை அவ்வளவு பெரிதாக எழுந்ததற்கு இது ஒரு காரணம் என்று அக்குழுவினர் 2017-இல் எழுதினர்.

தெற்கே, பாடாங் நகருக்கு எதிரே இருக்கும் மெந்தாவாய் தீவுகளின் கதை இன்னும் முடியவில்லை. அங்கே 1797-இலும் 1833-இலும் பெரும் நிலநடுக்கங்கள் ஏற்பட்டதைப் பவளப்பாறைகளின் வளர்ச்சிக் கோடுகள் காட்டுகின்றன. 2007-இல் வந்த 8.4 அளவு நிலநடுக்கம் சேர்ந்திருந்த நகர்வில் ஒரு பகுதியை மட்டுமே தீர்த்தது. 2010 அக்டோபர் 25-இல் அகழியை ஒட்டிய ஆழமற்ற பகுதி நழுவியது. கரையில் அதிர்வு மென்மையாகவே இருந்தது. அதனால் பலர் ஓடவில்லை. சற்று நேரத்தில் வந்த பேரலையில் நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஐந்தே மாதங்களில் தோஹொக்கு உலகுக்குக் கற்பிக்கவிருந்த அதே பாடம் இது: ஆழமற்ற பகுதி அமைதியாக இருக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது.

கையளவுக் கல் சொல்வதைக் கடலடி நிலம் கேட்குமா என்று தொடக்கத்தில் கேட்டேன். சரியான கல்லை எடுத்து, சரியான வேகத்தில், நீரோடும் வெப்பத்தோடும் சேர்த்து உரசினால் கேட்கிறது என்பதே நான் கண்ட விடை. நிலம் ஏன் நழுவுகிறது, எந்தப் பகுதி நழுவக்கூடும், எவ்வளவு எளிதாக வழுக்கும் என்பதை ஆய்வுக்கூடம் சொல்லும். எந்த நாளில் என்பதைச் சொல்லாது. நாளைச் சொல்வதாக யாரேனும் குறுஞ்செய்தி அனுப்பினால் அதை அடுத்தவருக்கு அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.

நாள் தெரியாது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று பொருளில்லை. விடுமுறைக்குச் சுமத்ராவின் மேற்குக் கரைக்கோ அதைப் போன்ற கரைகளுக்கோ செல்லும் நண்பர்கள் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் அதிர்வு கடுமையாக இருந்தாலும், மென்மையாக ஆனால் ஒரு நிமிடம் போல நீண்டாலும், எச்சரிக்கை மணிக்குக் காத்திராமல் மேட்டு நிலத்துக்குப் போய்விடுங்கள்.

இறுதியாக, இளைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவம், பொறியியல், சட்டம் என்று நாம் வழக்கமாக நடக்கும் பாதைகளுக்கு அப்பால் புவி அறிவியல் என்ற துறை நம் வாசலிலேயே காத்திருக்கிறது. உலகின் மிகப்பெரிய நிலப்பிளவுகளுள் ஒன்று நமக்குச் சில நூறு கிலோமீட்டர் தொலைவில் கிடக்கிறது. அதன் கல்லைக் கையில் எடுத்து உரசிப் பார்க்கும் கைகளில் சில தமிழ்க் கைகளாகவும் இருக்கட்டுமே! எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று சொல்லி வளர்ந்த நமக்கு, கல் தேயும் கதையைப் படிக்கத் தயக்கம் எதற்கு?